நாற்பத்தெட்டா, நாற்பத்தாறா?
(செல் பிரிதலைக் கண்டறிந்த கதை)



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பார், கட் அடித்துப் பார்த்த சினிமா, கல்ச்சுரல்ஸில் வாங்கிய கப் இந்த மூன்றும் வேண்டாம், ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிக் கொடுத்தாச்சு என்றார்கள். ஆகவே நான் தினமும் பார்க்கிற ஒரு விஷயத்தின் சரித்திரத்தை எழுதுகிறேன். நான் படித்தது மெக்கானிக்கல். வேலை பார்ப்பது மருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றில். பெரிய எஃகுத் தொட்டிகளில் செல்களை வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்து ஊசி மருந்தாக்குகிறோம். கலக்கி, வால்வு, காற்று, வெப்பம் எல்லாம் என் பொறுப்பு. ஆனால் தொட்டிக்குள் நடக்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு செல் இரண்டாகிறது. ஏறக்குறைய நாளுக்கு ஒரு முறை. அது நின்றுபோனால் என் வால்வுகளுக்கு அங்கே வேலையில்லை.

உடம்புக்குள்ளும் இதே கதைதான். வளர்ந்த ஒரு மனிதனுக்கு சுமார் 30 லட்சம் கோடி செல்கள். எல்லாம் ஒரே ஒரு கருமுட்டை பிரிந்து பிரிந்து வந்தவை. வளர்ந்து முடித்த பிறகும் பிரிதல் நிற்பதில்லை. எலும்பு மஜ்ஜை வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை அனுப்பியாக வேண்டும். குடலின் உள்பூச்சு நாலைந்து நாளில் புதுசாகிறது. சவரம் செய்யும்போது கீறிக்கொண்ட இடம் ஆறுவதும் இதனால்தான். இருதயத் தசையோ இந்த விஷயத்தில் மகா சோம்பேறி. 2009-ல் சுவீடனில் செய்த ஓர் ஆராய்ச்சிப்படி, 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதச் செல்கள்தான் புதிதாகின்றன. வயதாக ஆக அதுவும் குறைகிறது. மாரடைப்பில் போன தசை திரும்பி வராததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். ஆனால் செல் என்ற பெயர் 1665-ல் ராபர்ட் ஹூக் வைத்தது. புதிய செல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குச் சரியான பதில் நிலைபெற மேலும் 190 வருஷம் ஆயிற்று. அந்தப் பதிலைச் சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கதையின் முதல் பாகம்.

1838-ல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839-ல் ஷ்வான் விலங்குகளுக்கும், எல்லா உயிரும் செல்களால் ஆனது என்று எழுதினார்கள். பாடப்புத்தகத்தில் இருவர் பெயரும் இன்றும் ஜோடியாக வரும். அவர்கள் சொன்ன இன்னொன்றைப் பாடப்புத்தகம் நாசூக்காக விட்டுவிடும். செல் எப்படித் தோன்றுகிறது? உருவமில்லாத ஒரு திரவத்திலிருந்து, கற்கண்டுப் பாகில் கற்கண்டு கட்டுவது போல, முதலில் நடுப்புள்ளி தோன்றி அதைச் சுற்றிச் செல் படிகிறது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படிகம் வளர்வதை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள் அல்லவா! பாசியில் செல் இரண்டாகப் பிரிவதை 1832-ல் பெல்ஜியத்தின் துமோர்த்தியேவும், 1835-ல் ஜெர்மனியின் ஹூகோ ஃபான் மோலும் பார்த்து எழுதியிருந்தும், அது ஏதோ பாசிக்கு மட்டுமான வழக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இதை ஒதுக்க மறுத்தவர் ராபர்ட் ரெமாக். 1815-ல் போசன் நகரில் பிறந்தவர். இன்று அது போலந்தில் இருக்கிறது. பெர்லினில் மருத்துவம் படித்தார். நரம்பியலில் இளம் வயதிலேயே பெயர் வாங்கினார். ஆனால் யூதர். அன்றைய பிரஷ்யாவில் யூதர்கள் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தக் கூடாது. ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால் கதவு திறக்கும், பலர் பெற்றுக்கொண்டார்கள். ரெமாக் மறுத்தார். மன்னருக்கே மனுப் போட்டார், நிராகரிக்கப்பட்டது. ஹம்போல்ட் போன்ற பெரியவர்கள் பரிந்து பேசி 1847-ல்தான் பெர்லினில் சம்பளமில்லாத விரிவுரையாளர் பதவி கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு வைத்தியம், ஓய்ந்த நேரத்தில் மைக்ரோஸ்கோப். இப்படித்தான் அவருடைய ஆராய்ச்சி நடந்தது.

1841-லேயே கோழிக் கருவின் ரத்தச் செல்கள் இரண்டாகப் பிரிவதைப் பார்த்துவிட்டார். ஆனால் ஒரு தடவை பார்த்ததை வைத்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. தவளை முட்டையை எடுத்துக்கொண்டார். அதைக் கெட்டிப்படுத்தும் கரைசல்களைப் போட்டு, செல்லின் மேல்சவ்வு தெளிவாகத் தெரியும்படி செய்து, முட்டை இரண்டாகி, நாலாகி, கடைசியில் தசையும் தோலும் ஆகும் வரை விடாமல் தொடர்ந்தார். நடுவில் எங்கேயும் ‘பாகில் கட்டிய’ செல் தென்படவில்லை. 1852-ல் எழுதினார்: விலங்குகளில் எல்லாச் செல்லும் பிரிதலால்தான் உண்டாகின்றன, வெளியே திரவத்தில் செல் பிறக்கிறது என்பது, அழுக்கிலிருந்து புழு தானாகப் பிறக்கிறது என்பதைப் போன்றது. கட்டிகளின் செல்களும் உடம்பின் செல்களிலிருந்தே வருகின்றன என்று 1854-ல் எழுதினார்.

இனி ருடால்ஃப் விர்ஷோ வருகிறார். நோய்க்குறியியலின் தந்தை என்று நாம் படிப்பவர். ஏழைகளுக்காகப் பேசிய அரசியல்வாதி, மகா மேதை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரெமாக் சொன்னபோது அவரும் திரவக் கட்சியில்தான் இருந்தார். 1855-ல் கட்சி மாறினார். ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே வருகிறது என்ற கருத்தைக் கச்சிதமான லத்தீன் வாசகமாக எழுதினார். 1858-ல் புத்தகமாகவும் வந்தது. வாசகம் உலகமெல்லாம் பரவியது. ரெமாக்கின் பெயர் அதோடு பரவவில்லை. தன் பெயரைச் சொல்லாமல் தன் கருத்தை வெளியிட்டிருக்கிறீர்களே என்று ரெமாக் அவருக்கு வருத்தத்தோடு எழுதினார். (அந்த லத்தீன் வாசகமும் விர்ஷோவின் சொந்தச் சரக்கல்ல, பிரான்ஸின் ரஸ்பாய் 1825-லேயே பயன்படுத்தியது.) 1859-ல் ரெமாக்குக்கு உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. முழுப் பேராசிரியர் ஆகாமலே 1865-ல், ஐம்பது வயதில் காலமானார். அவருடைய பேரன், அதே ராபர்ட் ரெமாக் என்ற பெயர் கொண்ட கணித மேதை, 1942-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார்.

செல் பிரிகிறது, சரி. எப்படிப் பிரிகிறது? உள்ளே இருக்கும் உட்கரு என்ன ஆகிறது? இதைப் பார்க்க விடாமல் தடுத்தது ரொம்ப சாதாரணமான ஒரு சங்கடம்: செல்லுக்கு நிறம் கிடையாது. கண்ணாடித் தண்ணீரில் கண்ணாடித் துண்டைத் தேடுவது மாதிரி. இதைத் தீர்த்தது உயிரியல் அல்ல, ஜவுளி. 1856-ல் லண்டனில் பதினெட்டு வயது பெர்கின் மலேரியா மருந்து செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயம் செய்தான். அடுத்த இருபது வருஷத்தில் ஜெர்மன் ஆலைகள் அனிலின் சாயங்களை வண்ண வண்ணமாய்க் கொட்டின. சட்டைக்குப் போட்ட சாயத்தைச் செல்லுக்கும் போட்டுப் பார்த்தார்கள். சில சாயங்கள் உட்கருவுக்குள் இருந்த ஒரு பொருளை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டன. 1878-ல் ஜெய்ஸ் கம்பெனிக்காக எர்ன்ஸ்ட் ஆபே கணக்குப் போட்டு வடிவமைத்த எண்ணெய்-லென்ஸ் வந்தது. நம் துறைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

கீல் நகரில் இருந்த வால்தர் ஃபிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளை இனம். அதன் செல்கள் மிகப் பெரியவை, வால் துடுப்பு கண்ணாடி மாதிரி மெல்லியது. சாயம் போட்டால் செல் செத்துவிடும். ஆகவே ஒவ்வொரு செல்லும் ஒரு நின்றுபோன போட்டோ. கல்யாண ஆல்பம் கலைந்து கீழே கொட்டிவிட்டால் எப்படி அடுக்குவோம்? மாலை மாற்றுவது தாலி கட்டுவதற்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்தால்தானே! ஃபிளெமிங் சாயமிட்ட செல்களைப் பார்த்து வரிசையை ஊகிப்பார். பிறகு உயிருள்ள செல்லை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்து அந்த வரிசையைச் சரிபார்ப்பார். இப்படி வருஷக்கணக்கில்.

அவர் கண்டது இதுதான். உட்கருவில் சிக்கலாகக் கிடக்கும் நூல் தடித்து, துண்டு துண்டாகத் தெரிகிறது. ஒவ்வொரு துண்டும் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. எல்லாம் நடுவில் வந்து வரிசை கட்டுகின்றன. பிறகு இரண்டு பாதியும் எதிரெதிர்ப் பக்கம் போகின்றன. நூல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘மைட்டாசிஸ்’ என்று 1882-ல் பெயர் வைத்தார். அந்த நூல் துண்டுகளுக்குக் குரோமோசோம் என்ற பெயரை 1888-ல் வைத்தவர் வால்டையர். நிறமுள்ள உடல் என்று அர்த்தம். பாவம், குரோமோசோமுக்கு நிறமே கிடையாது. நிறம் நாம் போட்டது!

ஏன் நெடுக்குவாட்டில் பிளக்க வேண்டும்? சும்மா பாதியாக வெட்டினால் போதாதா? நூலின் நீளம் முழுக்க வெவ்வேறு விஷயம் எழுதியிருந்தால், குறுக்கே வெட்டினால் ஒருத்தனுக்கு முதல் பாதி, மற்றவனுக்குப் பின்பாதி. நெடுக்கில் பிளந்தால்தான் இருவருக்கும் முழுப் பிரதி. இந்தக் கேள்விக்கான விடையின் மறுபாதி 1866-லேயே மெண்டலின் பட்டாணிக் கட்டுரையில் அச்சாகிக் கிடந்தது. ஃபிளெமிங்குக்கு அது தெரியாது. 1900-ல் மெண்டல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட பிறகு, 1902, 1903-ல் அமெரிக்காவின் சட்டனும் ஜெர்மனியின் போவெரியும் இரண்டு பாதியையும் ஒட்டினார்கள். விந்திலும் முட்டையிலும் மட்டும் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகிற இன்னொரு வகைப் பிரிதலையும் இதற்குள் கண்டுகொண்டிருந்தார்கள். மியாசிஸ் என்ற பெயர் 1905-ல் வந்தது.

சரி, மனிதனுக்கு எத்தனை குரோமோசோம்? எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்பீர்கள். தலைப்புக்கு வந்துவிட்டோம்.

எண்ணுவது லேசில்லை. செல்லுக்குள் அவை வேகவைத்த நூடுல்ஸ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். 1912-ல் வினிவார்ட்டர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்றார். 1920-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோபிலஸ் பெயின்டர் எண்ணினார். அவருக்குத் திசு கிடைத்த இடம் மாநில மனநோய்க் காப்பகம். அங்கே நோயாளிகளுக்கு ஆண்மை நீக்கம் செய்து கொண்டிருந்தார்கள். அந்த நோயாளிகளை யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். பெயின்டர் முதலில் 46, 48 இரண்டுக்கும் நடுவே தயங்கினார். 1923-ல் 48 என்று முடிவு கட்டினார்.

அவ்வளவுதான், முப்பத்து மூன்று வருஷத்துக்கு மனிதனுக்கு 48 குரோமோசோம். பாடப்புத்தகம், கலைக்களஞ்சியம், பரீட்சை எல்லாவற்றிலும் 48. நடுவில் எண்ணியவர்களும் 48-ஐக் கண்டார்கள். அதைவிட வேடிக்கை, சுவீடனில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு, மனித ஈரல் செல்களில் 46-க்கு மேல் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்பதால், தங்கள் வேலையில்தான் கோளாறு என்று ஆராய்ச்சியையே மூட்டை கட்டி வைத்துவிட்டது! தொழிற்சாலையில் இது தினசரிக் காட்சி. கேஜில் அளவு ஒன்று வரும், டிராயிங்கில் ஒன்று இருக்கும். ஆபரேட்டர் கேஜைத்தான் தட்டிப் பார்ப்பார்.

1952-ல் டெக்சாஸில் டி.சி. சூ என்ற சீன அமெரிக்கருக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. ஆய்வகத்தில் யாரோ கழுவும் உப்புக் கரைசலில் தண்ணீரை அதிகமாகக் கலந்துவிட்டார்கள். செல்கள் நீரைக் குடித்து உப்பின, உள்ளே இருந்த குரோமோசோம்கள் அழகாக விலகி நின்றன. யார் செய்தது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. அந்தத் துலக்கமான படத்தை வைத்துக்கொண்டு சூவும் எண்ணினார். எத்தனை என்று எழுதினார் தெரியுமா? 48.

ஜோ ஹின் ஜியோ ஜாவாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சிறையில் சித்திரவதைப்பட்டவர். போருக்குப் பின் ஸ்பெயினில் பயிர் ஆராய்ச்சி வேலை. விடுமுறை கிடைத்தால் சுவீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவனின் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். 1955 டிசம்பர் 22, பின்னிரவு இரண்டு மணி. மனிதக் கருவின் நுரையீரல் செல்களை உப்பவைத்து, கோல்ச்சிசின் என்ற மருந்தால் பிரிதலை நடுவழியில் நிறுத்தி, கண்ணாடிக்கடியில் தட்டையாக நசுக்கிப் பார்த்தார். 46. அடுத்த செல்லிலும் 46. 1956-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பெயரில் யார் முன்னால் என்று கொஞ்சம் சச்சரவு. ஜியோ விட்டுக்கொடுக்கவில்லை, அவர் பெயரே முதலில் வந்தது. அதே வருஷம் இங்கிலாந்தின் ஃபோர்டும் ஹாமர்டனும் விந்தகத்தில் 23 ஜோடி எண்ணி உறுதி செய்தார்கள். மூன்றே வருஷத்தில், 1959-ல், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு 47 என்று பாரிஸில் கண்டார்கள். சாதாரண எண்ணிக்கை 48 என்று நம்பிக்கொண்டிருந்தால், ஒன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றே புரிந்திருக்காது.

அந்தக் கோல்ச்சிசின் நமக்கு அந்நியமல்ல. ஐரோப்பாவில் அதைக் கோல்ச்சிகம் என்ற கிழங்குச் செடியிலிருந்து எடுத்தார்கள், 1820-ல் பிரித்தார்கள். அதே பொருள் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன, நம் மாநில மலரான அதே காந்தள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் கண்வலிக்கிழங்கு என்பார்கள். பந்தல் போட்டு, விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. செடி முழுக்க விஷம். கிழங்கைத் தின்றால் குடலும் மஜ்ஜையும்தான் முதலில் அடிபடும். ஏன் அவை? செல்கள் ஓயாமல் பிரிகிற இடங்கள் அவை என்று மேலே சொன்னேனே.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க மெல்லிய குழல்கள் தேவை. டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் மாதிரி அடுக்கிச் செல் அந்தக் குழல்களைக் கட்டுகிறது. கோல்ச்சிசின் போய் அந்தச் செங்கல்லில் ஒட்டிக்கொள்கிறது, குழல் கட்ட முடியாது. குரோமோசோம்கள் வரிசை கட்டுகிற கட்டத்திலேயே வண்டி நின்றுவிடும். எண்ண வேண்டியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? டியூபுலின் என்று ஒன்று இருப்பதே, 1967-ல் சிகாகோவில் போரிசியும் டெய்லரும் கோல்ச்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடியதால்தான் தெரிய வந்தது.

இதே செங்கல்லில் கைவைக்கும் இன்னொரு செடி நம் கோயில் நந்தவனங்களில் இருக்கிறது. நித்திய கல்யாணி. 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டருக்கு அதன் இலைகள் வந்தன, சர்க்கரை வியாதிக்கு அங்கே கஷாயம் குடிக்கிறார்கள் என்ற குறிப்போடு. அவர் அதைக் கனடாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. நோபிளும் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அதன் தங்கை மருந்தான வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்தப் பெயரை நான் முதலில் படித்தது புத்தகத்தில் இல்லை, அக்கா பையனின் கேஸ் ஷீட்டில். ஆறு வயதில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருஷ சிகிச்சை. வின்கிரிஸ்டின் ஊசி போட்ட வாரங்களில் முடி கொட்டும், வாய்ப்புண் வரும். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான், முடியின் வேரும் வாயின் தோலும் வேகமாகப் பிரிகிற செல்கள். ஆனால் ஒரு நாள் அக்கா போன் பண்ணி, “தம்பி, இவன் நடக்கும்போது பாதம் தொங்குதுடா, செருப்பு கழண்டு கழண்டு விழுது” என்று அழுதாள். நரம்புச் செல் பிரிவதே இல்லையே, அங்கே இந்த மருந்துக்கு என்ன வேலை? அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நரம்புச் செல்லுக்கும் அதே குழல்கள் வேண்டும், பிரிவதற்கு அல்ல, சாமான் கடத்துவதற்கு. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகிற நரம்பிழைக்குள் அதுதான் தண்டவாளம். நீளமான பாதையில்தான் முதலில் கோளாறு தெரியும், ஆகவே பாதம். டாக்டரும் அடுத்த விசிட்டில் அதையே சொன்னார், அளவைக் குறைத்தார். மெல்ல மெல்லக் கால் சரியாயிற்று. பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அக்கா வீட்டு வாசலில் நித்திய கல்யாணி அதற்கு முன்பும் இருந்தது. இப்போது அதைப் பறிக்க யாரையும் விடுவதில்லை.

புற்றுநோய் என்பது பிரிதலில் நேர்ந்த பிசகு என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் அந்தப் போவெரிதான். கடல் முள்ளெலி முட்டையில் இரண்டு விந்து நுழைந்தால் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கு பிரிவதை அவர் பார்த்திருந்தார். 1914-ல், தாறுமாறான பங்கீடே புற்றின் தொடக்கமாக இருக்கலாம் என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார், மறு வருஷம் காலமானார். 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வகை ரத்தப் புற்றில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973-ல் ஜேனட் ரவுலி, அது 9-க்கும் 22-க்கும் நடந்த துண்டு மாற்றம் என்று காட்டினார். 2001-ல் அதைக் குறிவைத்த இமாட்டினிப் மாத்திரை வந்தது.

ஒரு செல் எத்தனை தடவை பிரியலாம்? முடிவில்லாமல் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரல் 1912-ல் கோழிக் குஞ்சின் இருதயத் துண்டைக் கண்ணாடியில் வளர்க்க ஆரம்பித்தார். அவர் செத்த பிறகும் 1946 வரை அது வளர்ந்தது. பத்திரிகைகள் வருஷா வருஷம் அதற்குப் பிறந்தநாள் செய்தி போட்டன. மறுபடி பெரிய பெயர், மறுபடி 48 கதை. 1961-ல் லியனார்டு ஹேஃபிளிக், மனிதச் செல்கள் ஐம்பது தடவை போலப் பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று காட்டினார். அவர் கட்டுரையைப் பெரிய ஓர் ஆராய்ச்சி இதழ் திருப்பி அனுப்பியது. காரலின் குடுவைக்குள் தீனியோடு சேர்ந்து புதுச் செல்களும் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பதே பின்னால் பலரும் ஏற்ற விளக்கம். எண்ணிக்கை ஏன் நிற்கிறது என்பதற்கு ரஷ்யாவின் ஓலோவ்னிகோவ் 1971-ல் ஒரு யோசனை சொன்னார். மாஸ்கோ சுரங்க ரயில் நிலையத்தில் உதித்த யோசனை. தண்டவாளத்தில் போகும் வண்டி தன் சக்கரத்துக்கு அடியில் உள்ள கடைசித் துண்டைப் பிரதி எடுக்க முடியாது. அது போல டி.என்.ஏ.வின் நுனியும் ஒவ்வொரு பிரிதலிலும் கொஞ்சம் குறையும். அந்த நுனியை நீட்டித் தருகிற டெலோமரேஸ் நொதியைப் பிளாக்பர்னும் கிரெய்டரும் 1984 கிறிஸ்துமஸ் அன்று முதலில் கண்டார்கள். 2009-ல் ஷோஸ்டாக்குடன் சேர்த்து நோபல். என் தொட்டியில் வளர்வது 1957-ல் தியோடர் பக் ஒரு சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து எடுத்த செல்களின் வம்சம். அவற்றுக்கு இந்த ஐம்பதுக் கணக்கு கிடையாது. இருந்திருந்தால் நான் வேறு வேலை தேடியிருப்பேன்.

பிரிதலை யார் ‘ஸ்டார்ட்’ பண்ணுகிறார்கள் என்ற கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-ல் இந்தியாவில் பிறந்த பொட்டு நரசிம்ம ராவும் ஜான்சனும் வெவ்வேறு கட்டத்தில் இருந்த இரண்டு செல்களை ஒட்டவைத்து, பிரியும் செல்லில் உள்ள ஏதோ ஒன்று மற்றதையும் பிரியத் தூண்டுவதைக் காட்டினார்கள். ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்டிலும், பால் நர்ஸ் இன்னொரு ஈஸ்டிலும் அதற்கான மரபணுக்களைப் பிடித்தார்கள். டிம் ஹன்ட் 1982-ல் கடல் முள்ளெலி முட்டையில், ஒவ்வொரு பிரிதலுக்கும் ஏறி இறங்கும் சைக்ளின் புரதத்தைக் கண்டார். மூவருக்கும் 2001-ல் நோபல். எனக்கு இதில் பிடித்தது ஹார்ட்வெல்லும் வெய்னர்ட்டும் 1988-ல் சொன்னதுதான். டி.என்.ஏ. பழுதாகியிருந்தால் செல் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் காத்திருக்கிறது. காத்திருக்கச் சொல்ல ஒரு மரபணு இருக்கிறது. அதைக் கெடுத்துவிட்டால் செல் பழுதோடு பிரிந்து செத்துப்போகிறது. நம்ம ஊர் ஆலைகளில் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டாம்ப் இல்லாமல் சரக்கு நகராது என்கிறோமே, அதே ஏற்பாடுதான். ரொட்டி ஈஸ்டிலும் உண்டு, நம்மிடமும் உண்டு.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை, பார்க்கலாம். ஒரு வெங்காயத்தைத் தண்ணீர் நிறைந்த டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். மூன்று நாளில் வேர் விடும். காலையில் நுனியைக் கொஞ்சம் வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசெட்டிக் அமிலத்தில் ஒரு நாள் போட்டு வையுங்கள். பிறகு உயிரியல் ஆய்வகம் உள்ள இடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிஷம் சூடாக்கி, அசெட்டோகார்மின் சாயம் போட்டு, கண்ணாடிக்கடியில் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். நுனியின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் பிரியும் செல்கள் இருக்கும். குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கிற, நன்றாக விரிந்த ஒரு செல் கிடைக்கும் வரை தேடுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கிடைத்ததும் எண்ணுங்கள். வெங்காயத்துக்கு எத்தனை என்று நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எண்ணிவிட்டு, சங்கத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.